எஸ்பிஎஸ்எஸ் கட்டளைக் கோப்பை பிஎஸ்பிபியில் ஓட்டுவது எப்படி: டெல்டா கள ஆய்வு மாணவர்களுக்கு

கல்லூரி ஆய்வகத்துக் கணினியில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இருக்கும். மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ வீட்டில் இருக்கும் மடிக்கணினியில் இருக்காது. ஆய்வகம் மாலையில் பூட்டிவிடுவார்கள், ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமோ இரவில்தான் எழுத வேண்டியிருக்கும். இந்த இடைவெளியை நிரப்பப் பலர் திருட்டுப் பிரதியை நாடுகிறார்கள். அது வேண்டாம். உரிமப் பூட்டை உடைக்கும் கோப்போடு சேர்ந்து வரும் வைரஸ், ஆறு மாதம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த தரவையே அழித்துவிடக்கூடும். எஸ்பிஎஸ்எஸ் கட்டளைகளை அப்படியே படித்து ஓட்டக்கூடிய இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. பெயர் பிஎஸ்பிபி. அதை நிறுவுவது, ஆய்வகத்தில் எழுதிய கோப்பை அதில் ஓட்டுவது, எங்கே ஒத்துப்போகும், எங்கே போகாது என்பவற்றை இந்தக் கட்டுரை சொல்கிறது.

எஸ்பிஎஸ்எஸ் 1968இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சமூக அறிவியல் ஆய்வுக்கென்று உருவாக்கப்பட்டது, 2009 முதல் ஐபிஎம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் அதன் கட்டளைகள் தனி மொழியாகவே நிலைபெற்றுவிட்டன. பிஎஸ்பிபி, கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனூ திட்டத்தைச் சேர்ந்தது. அந்த மொழியையே படிக்கிறது, அதே தரவுக் கோப்புகளைத் திறக்கிறது, காலாவதித் தேதி கிடையாது, எத்தனை மாறிகள் வைக்கலாம் என்ற பூட்டும் கிடையாது.

இது சட்டப்படி சரிதானா என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான். சாஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மொழிக்கு ஒத்த மென்பொருளை பிரிட்டனின் வேர்ல்ட் புரோகிராமிங் நிறுவனம் உருவாக்கியபோது வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ஒரு மென்பொருளின் செயல்பாடும் அதன் நிரல் மொழியும் பதிப்புரிமைக்குள் வரா என்று 2012 மே மாதம் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூல நிரலைத் திருடுவது வேறு, அதே மொழியைப் பேசும் புது மென்பொருளைச் சொந்தமாக எழுதுவது வேறு.

தொடங்கும் முன் ஒன்று. கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பு மாறாமல் தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். சாய்கோடு, சமக்குறி, முற்றுப்புள்ளி எல்லாம் இங்கே உள்ளபடியே வரும். எஸ்பிஎஸ்எஸ் கட்டளைகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து எதுவானாலும் சரி, முனையத்தில் தட்டுபவை மட்டும் சிறிய எழுத்தில் இருக்கட்டும்.

நிறுவுதல்

உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் முனையத்தில் (டெர்மினல்) ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பிஎஸ்பிபி’ என்று தட்டினால் போதும். விண்டோஸுக்கு குனூ தளத்தின் பிஎஸ்பிபி பக்கத்துக்குப் போய், அங்கிருந்து சுட்டப்படும் சோர்ஸ்ஃபோர்ஜ் இணைப்பில் நிறுவு கோப்பை இறக்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்தில் எடுக்காதீர்கள். நிறுவியதும் ‘பிஎஸ்பிபி --வெர்ஷன்’ என்று முனையத்தில் தட்டி, வரும் எண்ணை நோட்டில் குறித்துவையுங்கள். ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

மென்பொருளைத் திறந்தால் எஸ்பிஎஸ்எஸ்ஸில் பழகிய அதே இரண்டு தாள்கள்தாம்: ஒன்றில் தரவு, மற்றொன்றில் மாறிகளின் விவரம். ‘அனலைஸ்’ மெனுவும் அதே இடத்தில் இருக்கும். மெனுவில் சொடுக்கியே எல்லாவற்றையும் முடித்துவிடலாம்தான், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ‘ஓகே’ பொத்தானோடு ‘பேஸ்ட்’ என்ற பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால், நீங்கள் சொடுக்கித் தேர்ந்தவை கட்டளை வரிகளாக மாறி ஒரு தனிச் சாளரத்தில் விழும். அதைச் சேமித்தால் அதுதான் கட்டளைக் கோப்பு, எஸ்பிஎஸ் என்ற பின்னொட்டோடு.

ஆய்வகத்துக்கும் வீட்டுக்கும் இடையில் பயணிக்க வேண்டியது இந்தக் கோப்புதான். வழிகாட்டி ஆசிரியர், “ஏக்கருக்கு இந்த 2,100 கிலோ எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால், சொடுக்கிச் செய்தவரிடம் பதில் இருக்காது. கட்டளைக் கோப்பு வைத்திருப்பவர் அந்த வரியைக் காட்டிவிடுவார்.

தரவைத் தயார் செய்தல்

எடுத்துக்காட்டாக ஒரு நெல் சாகுபடிக் கள ஆய்வை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என நான்கு மாவட்ட விவசாயிகள். பருவம், ஊர், பரப்பு, விளைச்சல், நடவா நேரடி விதைப்பா, விதைத்த தேதி ஆகியவை கேள்வித்தாளில் இருக்கின்றன.

டெல்டாவில் பரப்பைக் கேட்டால் பதில் ஏக்கரில் வராது, ‘ஒன்பது மா’ என்றுதான் வரும். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. விளைச்சலைக் கேட்டால் கிலோ வராது, மூட்டைதான் வரும். அந்த மூட்டை எத்தனை கிலோ? வியாபாரிக்குப் போட்டவர் 60 கிலோ மூட்டையை நினைத்துச் சொல்வார். அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டவர் 40 கிலோ சிப்பத்தை நினைத்துச் சொல்வார். ஒன்பது மாவில் 105 மூட்டை என்றால், 60 கிலோ கணக்கில் ஏக்கருக்கு 2,100 கிலோ, 40 கிலோ கணக்கில் 1,400 கிலோ. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடித்துத் தராது. ஆகவே மூட்டையின் எடைக்கென்று ஒரு தனிப் பத்தி வையுங்கள். விவசாயி சொன்னதைச் சொன்னபடியே பதிவுசெய்து, கணக்கைக் கட்டளையிடம் விடுங்கள். களத்திலேயே மனக்கணக்காக ஏக்கருக்கு மாற்றி எழுதினால், தவறு எங்கே நுழைந்தது என்பதைப் பிறகு தேடவே முடியாது.

வகைகளுக்கு எண் கொடுங்கள்: குறுவை 1, சம்பா 2, தாளடி 3. நெல் ரகத்தின் பெயரை எழுத்தாகவே உள்ளிட்டால் ஏடிடீ 43, ஏடிடீ43, ஏடிடீ-43 என மூன்று விதமாகத் தட்டியிருப்பார்கள். மென்பொருள் அவற்றை மூன்று ரகங்களாகத்தான் எண்ணும்.

பிஎஸ்பிபி எக்செல் கோப்பை நேரடியாகத் திறக்காது. லிப்ரேஆஃபிஸின் ஓடிஎஸ் வடிவம், குனூமெரிக் விரிதாளின் வடிவம், காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பான சிஎஸ்வி ஆகியவற்றைத் திறக்கும். எங்கும் செல்லுபடியாவது சிஎஸ்வி. ஆனால் எக்செல்லில் வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. பட்டியலில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரேஆஃபிஸில் சேமித்தால் எழுத்துமுறை எது என்று கேட்கும், அங்கும் யுடிஎஃப்-8.

பழைய டிடிபி மையத்தில் தட்டி வாங்கிய தரவு என்றால் இன்னொரு சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது யூனிகோட் அல்ல. கணினிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளின் வரிசைதான், எழுத்துருவை மாற்றிப் போட்டால் மட்டும் தமிழாகத் தெரியும். அதை முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

கோப்பைப் படிக்க வைத்தல்

கட்டளை இப்படி இருக்கும்:

கெட் டேட்டா /டைப்=டிஎக்ஸ்டி /ஃபைல்='நெல்.சிஎஸ்வி' /என்கோடிங்='யுடிஎஃப்-8'
  /அரேஞ்ச்மென்ட்=டெலிமிட்டட் /டெலிமிட்டர்ஸ்=',' /குவாலிஃபையர்='"' /ஃபர்ஸ்ட்கேஸ்=2
  /வேரியபிள்ஸ்= எண் எஃப்4.0 மாவட்டம் எஃப்1.0 பருவம் எஃப்1.0 ஊர் ஏ60 மா எஃப்5.1
  மூட்டை எஃப்5.1 எடை எஃப்3.0 நடவு எஃப்1.0 தேதி இடேட்10.

‘ஃபர்ஸ்ட்கேஸ்=2’ என்பது முதல் வரியில் உள்ள தலைப்புகளைத் தாண்டச் சொல்கிறது. மாறியின் பெயரை அடுத்து வரும் எஃப் என்பது எண் மாறி, ஏ என்பது எழுத்து மாறி, இடேட் என்பது தேதி, கூட வரும் எண் அகலம். மாறிகளின் வரிசை கோப்பில் உள்ள பத்திகளின் வரிசையோடு ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், பெயரைப் பார்த்து அது பொருத்திக்கொள்ளாது. மாறிகளின் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதே நல்லது. தமிழை விளக்கப் பட்டைகளில் (லேபிள்) வைத்துக்கொள்ளலாம்.

கோப்பின் பாதையை ‘சி’ டிரைவில் தொடங்கி முழுதாக எழுதினால், வேறு கணினியில் முதல் வரியிலேயே நின்றுவிடும். தரவையும் கட்டளைக் கோப்பையும் ஒரே அடைவில் வைத்து, பெயரை மட்டும் எழுதுங்கள். முனையத்திலும் அந்த அடைவுக்குள் போன பிறகு ஓட்டுங்கள்.

‘ஊர்’ என்ற மாறிக்கு ஏன் 60? எழுத்து மாறியின் அகலம் எழுத்துகளில் அல்ல, பைட்டுகளில் அளக்கப்படுகிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகும், புள்ளியும் துணைக்காலும் தனிக் குறியீடுகளே. ‘தஞ்சாவூர்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: த, ஞ, புள்ளி, ச, துணைக்கால், வ, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஒன்பது குறியீடு, 27 பைட். ‘கும்பகோணம்’ 30 பைட். ஆங்கிலத்துக்குப் பழகிய கையோடு ஏ20 என்று போட்டால் ‘தஞ்சாவ’ வரை 18 பைட் ஆகிவிடும். மீதி 2 பைட்டில் அடுத்த குறியீடு பாதியில் அறுந்து, கட்டமோ கேள்விக்குறியோ வாலில் தொங்கும். திருமருகல், திருமங்கலக்குடி என்று ‘திரு’வில் தொடங்கும் ஊர்கள் நிறைந்த வட்டாரம் இது. அகலம் குறைந்தால் வெவ்வேறு ஊர்கள் ஒரே பெயராகச் சுருங்கிவிடும்.

தேதியில் வரும் தவறு இன்னும் மோசமானது, ஏனென்றால் பாதி நேரம் அது சத்தமே போடாது. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம், அதற்குரிய வடிவம் இடேட். ஏடேட் என்பது அமெரிக்க முறை, மாதம் முதலில். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஐ 12/06/2023 என்று எழுதி ஏடேட்டில் படிக்கவைத்தால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் டிசம்பர் 6 என்று பதிவாகும். 177 நாள் தள்ளிப்போய்க் குறுவை விதைப்பு தாளடிக்கும் பிந்திவிடும். 28/07/2023 என்ற தேதியோ, 28ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால், எச்சரிக்கையோடு வெறும் புள்ளியாகப் பதிவாகும். அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு ‘ஒன்றிரண்டு தேதிதானே’ என்று கடந்துபோகிறவர்கள், மற்ற தேதிகளும் தவறு என்பதைக் கவனிப்பதில்லை.

தேதியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. உள்ளே அது 1582 அக்டோபர் 14 முதல் கழிந்த விநாடிகளின் எண்ணிக்கையாகச் சேமிக்கப்படுகிறது. அறுவடைத் தேதியிலிருந்து விதைத்த தேதியைக் கழித்தால் 110 என்று வராது, 95,04,000 என்று வரும். 86,400ஆல் வகுத்தால் நாள் கிடைக்கும்.

படித்த உடனே சரிபார்த்தல்

ஆய்வுக்குள் குதிக்காதீர்கள். முதலில் மூன்று வரிகள்:

லிஸ்ட் /கேசஸ்=ஃப்ரம் 1 டு 10.
டிஸ்கிரிப்டிவ்ஸ் /வேரியபிள்ஸ்=மா மூட்டை எடை.
ஃப்ரீக்வென்சீஸ் /வேரியபிள்ஸ்=மாவட்டம் பருவம் நடவு.

முதல் பத்து வரியைக் கேள்வித்தாள்களோடு வைத்துப் பாருங்கள். இரண்டாவது கட்டளையில் மொத்த எண்ணிக்கை, குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு மூன்றையும் பாருங்கள். 240 பேரிடம் கேட்டிருந்து 231 என்று வந்தால், ஒன்பது கட்டங்களில் எண் இல்லாத ஏதோ இருக்கிறது: ‘12 மா’ என்று அலகையும் சேர்த்துத் தட்டியிருப்பார்கள், அல்லது காற்புள்ளி ஒன்று அதிகமாகிப் பத்திகள் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். எடையின் கூடிய மதிப்பு 600 என்றால் ஒரு சுழி கூடியிருக்கிறது. மூன்றாவது கட்டளையில் பருவம் 4 என்று ஒன்று தெரிந்தால் அது உள்ளீட்டுத் தவறு.

பதில் சொல்லாதவர்களுக்கு 999 என்று போட்டிருந்தால், ‘மிஸ்ஸிங் வேல்யூஸ் மூட்டை (999).’ என்ற வரியை இங்கேயே சேருங்கள். இதை மறந்தால் நான்கைந்து 999கள் சேர்ந்து சராசரியை மேலே தூக்கிவிடும்.

பிறகு விளக்கப் பட்டைகள்:

வேரியபிள் லேபிள்ஸ் மூட்டை 'மொத்த விளைச்சல், மூட்டையில்'.
வேல்யூ லேபிள்ஸ் பருவம் 1 'குறுவை' 2 'சம்பா' 3 'தாளடி'.

மேற்கோளுக்குள் இருப்பதைத் தமிழிலேயே எழுதலாம். அட்டவணையிலும் அது தமிழாகவே வரும், ஆய்வேட்டுக்கு மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கட்டளைக் கோப்பும் யுடிஎஃப்-8இல் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கணக்கிடுதல்

கம்ப்யூட் ஏக்கர் = மா / 3.
கம்ப்யூட் விளைச்சல் = மூட்டை * எடை / ஏக்கர்.
எக்சிக்யூட்.

கடைசி வரி எதற்கு என்று புதியவர்கள் குழம்புவார்கள். கம்ப்யூட், ரீகோட், இஃப் போன்ற மாற்றக் கட்டளைகள் சொன்னவுடன் நடப்பதில்லை. அடுத்து ஒரு அட்டவணையோ சோதனையோ கேட்கும்போதுதான் தரவு ஒருமுறை முழுதாகப் படிக்கப்படும், அப்போது நடக்கும். கம்ப்யூட் மட்டும் ஓட்டிவிட்டுத் தாளைப் பார்த்தால் புதுப் பத்தி காலியாக இருப்பது அதனால்தான். ‘எக்சிக்யூட்’ அந்தப் படிப்பைக் கட்டாயப்படுத்துகிறது.

ரீகோட் செய்யும்போது பழைய மாறியை மேலெழுதாமல் ‘இன்டு’ போட்டுப் புதிய மாறியில் வையுங்கள். ‘எல்ஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும், அது விடுபட்ட மதிப்புகளையும் அள்ளிக்கொண்டுபோய் அந்தக் கடைசி வகையில் போட்டுவிடும். பரப்பே சொல்லாதவர் பெருவிவசாயிகள் பட்டியலில் சேர்வது இப்படித்தான்.

குறுவையை மட்டும் தனியாகப் பார்க்க ‘செலக்ட் இஃப் (பருவம் = 1).’ என்று எழுதுவார்கள். அது மற்ற வரிகளை நிரந்தரமாக நீக்குகிறது. அதன்பின் அதே பெயரில் சேமித்தால் சம்பாவும் தாளடியும் போய்விடும். அதற்கு முன்வரியில் ‘டெம்பரரி.’ என்று எழுதினால், அடுத்து வரும் ஒரே ஒரு அட்டவணைக்கு மட்டும் தேர்வு நீடித்து, பிறகு எல்லா வரிகளும் திரும்பிவிடும். மூலக் கோப்பை எப்போதும் தொடாதீர்கள். சேமிப்பதை ‘சேவ் அவுட்ஃபைல்’ கட்டளையால் வேறு பெயரில் வையுங்கள்.

சோதனைகள்

நடவுக்கும் நேரடி விதைப்புக்கும் விளைச்சலில் வேறுபாடு உண்டா?

டி-டெஸ்ட் /குரூப்ஸ்=நடவு(1,2) /வேரியபிள்ஸ்=விளைச்சல்.

அட்டவணையில் இரண்டு வரி வரும். முதலில் இரண்டு குழுக்களின் சிதறல் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையின் ‘சிக்’ மதிப்பைப் பாருங்கள். அது 0.05க்கு மேல் இருந்தால் மேல்வரியை எடுங்கள், கீழே இருந்தால் கீழ்வரி. இரண்டில் எது சாதகமோ அதை எடுப்பது நேர்மையில்லை.

நான்கு மாவட்டங்களை ஒப்பிட அனோவா:

ஒன்வே /வேரியபிள்ஸ்=விளைச்சல் பை மாவட்டம் /ஸ்டேடிஸ்டிக்ஸ்=டிஸ்கிரிப்டிவ்ஸ் ஹோமோஜெனிட்டி /போஸ்ட்ஹாக்=டூக்கி.

பருவத்துக்கும் நடவு முறைக்கும் தொடர்பு பார்க்க ‘கிராஸ்டேப்ஸ்’, அதோடு ‘/ஸ்டேடிஸ்டிக்ஸ்=கைஸ்க்’. மனப்பான்மைக் கேள்விகளின் நம்பகத்தன்மைக்கு ‘ரிலையபிலிட்டி’. எதிர்மறையாகக் கேட்ட கேள்விகளை 6 கழித்தல் மதிப்பு என்று திருப்பிவிட்டுத்தான் ஐந்து புள்ளிக் கேள்விகளுக்கு ஆல்ஃபா பார்க்க வேண்டும். ரிக்ரஷன், லாஜிஸ்டிக் ரிக்ரஷன், ஃபேக்டர், கே-மீன்ஸ் குழுவாக்கம், அளவுருசாராச் சோதனைகள் எல்லாம் இருக்கின்றன. முதுகலை ஆய்வேடுகளில் பெரும்பாலும் தேவைப்படுவது இவ்வளவுதான்.

எங்கே ஒத்துப்போகாது

ஆய்வகத்து எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘பேஸ்ட்’ செய்த கோப்பைக் கொண்டுவந்து ஓட்டினால், பல நேரம் முதல் பிழை ‘டேட்டாசெட் ஆக்டிவேட் டேட்டாசெட்1.’ என்ற வரியில்தான் வரும். எஸ்பிஎஸ்எஸ் தானே வைத்துக்கொண்ட பெயர் அது, உங்கள் கணினியில் அந்தப் பெயரில் தரவு எதுவும் திறந்திருக்காது. அந்த வரியை நீக்கிவிடுங்கள், வேறொன்றும் கெடாது.

சார்ட் பில்டரில் செய்த வரைபடங்கள் ‘ஜிகிராஃப்’ என்ற கட்டளையாகக் கோப்பில் இருக்கும். அது இங்கே ஓடாது. பட்டைப் படம், வட்டப் படம், ஹிஸ்டோகிராம் ஆகியவற்றை ‘ஃப்ரீக்வென்சீஸ்’ கட்டளையின் துணைவரிகளாகவே கேட்டுக்கொள்ளலாம். இன்னும் அழகாக வேண்டுமென்றால் எண்களை எடுத்து லிப்ரேஆஃபிஸில் வரையுங்கள். பைத்தான் கலந்த கட்டளைகள், மனோவா, கலப்பு மாதிரிகள், படிநிலைக் குழுவாக்கம் ஆகியவையும் கிடையாது. ‘ஜிஎல்எம்’ இருக்கிறது, ஆனால் நிலைக்காரணிகளுக்கு மட்டும். இணைமாறி சேர்க்கும் அன்கோவாவுக்கும் ஒருவரையே பலமுறை அளந்த தரவுக்கும் அதை நம்ப முடியாது.

வேளாண் மாணவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது டங்கன் சோதனை. ரக ஒப்பீட்டு அட்டவணைகளில் சராசரிகளின் பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்துப் போடுவது இதை வைத்துத்தான். ஆடுதுறையில் 1922இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய இந்த வட்டாரத்தில் வயல் சோதனைத் தரவோடு வருபவர்கள் பலர், அவர்களிடம் அநேகமாக இதைத்தான் கேட்பார்கள். பிஎஸ்பிபியின் ‘ஒன்வே’யில் டூக்கி, எல்எஸ்டி, போன்ஃபெரோனி, ஷெஃபே, சிடாக், கேம்ஸ்-ஹவல் உண்டு, டங்கன் இல்லை. வழிகாட்டி ஒப்புக்கொண்டால் டூக்கி போதும், அது இன்னும் கண்டிப்பான சோதனையும்கூட. டங்கனே வேண்டும் என்றால் ஆர் மொழியின் அக்ரிகோலே தொகுப்பில் இருக்கிறது. டூக்கியைப் போட்டுவிட்டு அட்டவணையின் அடியில் டங்கன் என்று எழுதிவிடாதீர்கள்.

சில கணக்குகளில் பிஎஸ்பிபி தன் சொந்த, மேம்பட்ட முறையை இயல்பாகக் கையாளும். எஸ்பிஎஸ்எஸ்ஸின் எண்ணே அப்படியே வர வேண்டும் என்றால் முனையத்தில் இப்படி ஓட்டுங்கள்:

பிஎஸ்பிபி --அல்காரிதம்=கம்பேட்டிபிள் -ஓ முடிவு.ஹெச்டிஎம்எல் நெல்.எஸ்பிஎஸ்

வீட்டில் எழுதுவதை ஆய்வகத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ‘--சின்டாக்ஸ்=கம்பேட்டிபிள்’ என்பதையும் சேருங்கள். பிஎஸ்பிபிக்கு மட்டுமே புரியும் கூடுதல் எழுத்து முறைகளை அது ஏற்க மறுத்துவிடும், அவற்றை வீட்டிலேயே திருத்திவிடலாம். முடிவை ஹெச்டிஎம்எல்லாக எடுப்பதே தமிழுக்கு நல்லது. முனையத்தில் எழுத்தாக வரும் அட்டவணையில் தமிழ்ப் பட்டைகள் பத்திக் கோட்டை விட்டு நகர்ந்துவிடும், உலாவியில் ஒழுங்காக நிற்கும், அங்கிருந்து லிப்ரேஆஃபிஸ் ரைட்டருக்கு நகலெடுக்கலாம்.

பிழை வந்தால்

பத்துப் பிழை வந்தாலும் முதல் பிழையை மட்டும் படியுங்கள். கோப்பையே படிக்க முடியாமல் போனால் பின்னால் வரும் எல்லாக் கட்டளைகளும் ‘அப்படி ஒரு மாறி இல்லை’ என்றுதான் சொல்லும். செய்தியில் வரி எண் இருக்கும். அந்த வரியையும் அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள், தவறு முந்தைய வரியில் இருப்பதே அதிகம்.

காரணம் முற்றுப்புள்ளி. ஒவ்வொரு கட்டளையும் முற்றுப்புள்ளியில் முடிய வேண்டும், விட்டால் அது எங்கே முடிகிறது என்பதை மென்பொருள் ஊகிக்க வேண்டிவரும். நட்சத்திரக் குறி போட்டு எழுதும் குறிப்பு வரிகளுக்கும் இதே விதி. ‘* குறுவை மட்டும்’ என்று எழுதிவிட்டுப் புள்ளி வைக்காமல், அடுத்த வரியில் ‘செலக்ட் இஃப்’ எழுதினால், அந்தத் தேர்வும் குறிப்பின் பகுதியாக விழுங்கப்பட வாய்ப்புண்டு. பிழைச் செய்தி எதுவும் வராது. குறுவை என்று தலைப்பிட்ட அட்டவணையில் மூன்று பருவமும் கலந்திருக்கும். இதைப் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு அட்டவணையிலும் எண்ணிக்கையைப் பார்ப்பது. குறுவை விவசாயிகள் 86 பேர் என்றால் அங்கே 86 இருக்க வேண்டும், 240 இருக்கக் கூடாது.

வேர்டில் தட்டி நகலெடுத்த கட்டளைகளும் தொல்லை தரும். வேர்டு நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும், கட்டளை மொழிக்கு வளைந்தது மேற்கோளே அல்ல. இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்து எழுதும்போதும் நேரான குறியையே தட்டுங்கள்.

ஆய்வேட்டைக் கொடுக்கும் முன், சிஎஸ்வி கோப்பையும் எஸ்பிஎஸ் கோப்பையும் மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துப்போய், ஆய்வகத்துக் கணினியில் ஒருமுறை ஓட்டுங்கள். ‘கெட் டேட்டா’ வரியில் எழுத்துமுறை குறிப்பதை அந்தப் பதிப்பு ஏற்காவிட்டால் அதை மட்டும் மாற்றுங்கள். எண்ணிக்கை, சராசரி, திட்டவிலக்கம், சோதனையின் முடிவு நான்கையும் இரண்டு அச்சுத்தாள்களிலும் வைத்து ஒப்பிடுங்கள். எண்ணிக்கையே வேறுபட்டால் தரவு படிக்கும் வரியையும் 999 பற்றிய வரியையும் பாருங்கள். எண்ணிக்கை ஒன்றாகவும் சராசரி வேறாகவும் இருந்தால் கணக்கிடும் வரிகளைப் பாருங்கள். அவையெல்லாம் ஒத்து, கடைசித் தசமத்தில் மட்டும் சிறிது விலகினால் கணக்கு முறையின் வேறுபாடாக இருக்கலாம். ‘கம்பேட்டிபிள்’ போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.